செங்கல்லுக்கு முத்தம்... பக்கத்து இருக்கைக்கு?

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 கார் பந்தயத்தில் வென்றவர் பால் குடித்தாக வேண்டும். 1936-ல் வென்றவர் தாகத்துக்கு மோர் குடித்த படம் வெளிவந்ததிலிருந்து வேர்விட்ட பழக்கம். எந்த வகைப் பால் வேண்டும் என்று 33 ஓட்டுநர்களிடமும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். 1993-ல் ஒருவர் ஆரஞ்சு ஜூஸைக் கையில் எடுக்கப்போய் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள்.

பாலுக்கு அடுத்து முத்தம். தொடக்கக் கோட்டில் மூன்றடி அகலத்துக்குத் தார் மூடாமல் விட்ட செங்கல் பட்டையில் மண்டியிட்டு உதடு பதிப்பார்கள். 1990-களில் வந்த வழக்கம்தான். செங்கல்தான் பழையது. 1909 ஆகஸ்டில் இந்த இரண்டரை மைல் தடத்தில் முதன்முதலாகக் கார்கள் ஓடியபோது, ஜல்லியும் தாரும் பெயர்ந்து குழி விழுந்தது. மூன்றே நாளில் ஐந்து பேர் இறந்தார்கள். ஓட்டுநர் ஒருவர், பார்வையாளர் இருவர், மெக்கானிக் இருவர். அதற்குப் பிறகுதான் 32 லட்சம் செங்கல் பதித்தார்கள்.

அந்த மெக்கானிக்குகளைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய் பம்பை அடித்து, டயர் தேய்வதைக் கவனித்து, பின்னால் வரும் காரைப் பார்த்துச் சொன்னவர்கள். 1911-ல் முதல் 500 மைல் பந்தயத்தை வென்றவர் மெக்கானிக் இல்லாமல் தனியாக ஓட்டினார். பின்னால் பார்க்க ஆளில்லையே என்று மற்றவர்கள் ஆட்சேபிக்க, கண்ணாடி ஒன்றைப் பொருத்திக்கொண்டார். தனியாகவும் வெல்லலாம் என்று தெரிந்த பிறகும் 1912 முதல் 1922 வரையும், 1930 முதல் 1937 வரையும் மெக்கானிக்கைக் கட்டாயமாக ஏற்றினார்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் அவர் கையில் இல்லை. கார் கவிழ்ந்தால் உயிர் மட்டும் சேர்ந்தே போகும். வெற்றிக் கோப்பையில் வென்ற ஓட்டுநரின் முகத்தைச் செதுக்குகிறார்கள். அவரோடு 500 மைல் வந்தவருக்கு அதில் இடமில்லை.

தெரிந்துதானே ஏறினார்கள் என்பவர்களும் உண்டு. 1973-ல் காரில் ஏறாமலே ஓர் இளைஞர் இறந்தாரே! விபத்துக்கு விரைந்த தீயணைப்பு வண்டி, பிட் பாதையில் எதிர்த்திசையில் வந்து, அணி ஊழியரான அவரை மோதியது.

போரில் இறந்தவர்களை அமெரிக்கா நினைக்கும் நாளையொட்டித்தான் பந்தயம் நடக்கிறது. தொடங்குமுன் அவர்களுக்காக எக்காளம் ஊதுகிறார்கள். அப்போதே இந்த மெக்கானிக்குகள், ஊழியர்கள் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பந்தயத்தில் அதற்குச் சில நிமிடம் ஒதுக்கலாம்.