இருநூறால் வகுக்கும் கணக்கு

வங்கியிலோ ரயில் முன்பதிவிலோ இயங்கும் தரவுத்தளத்திலிருந்து புள்ளியியல் தரவுத்தளம் அடிப்படையிலேயே வேறுபட்டது. முன்னதில் ஒரு மனிதரின் ஒரு பதிவைத் தவறின்றி எடுத்துத் தருவதே நோக்கம், பின்னதிலோ எந்தத் தனி மனிதரும் முக்கியமல்ல, ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திரட்டிப் பெறும் சராசரியும் விகிதமும், அவற்றில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்ற மதிப்பீடுமே வேண்டப்படுகின்றன. பிழையையும் தரவின் ஒரு பகுதியாகவே சேமிக்க வேண்டும் என்ற இந்த எண்ணம் இந்தியாவில் கொல்கத்தாவில்தான் உருப்பெற்றது.

அந்நகரின் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் துறையில் பணியாற்றிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937-இல் அந்நிறுவனம் வங்காளத்தின் சணல் பரப்பை மாதிரி முறையில் மதிப்பிட முற்பட்டது. தமிழகத்துக் கிராமங்களில் கர்ணம் ஆண்டுதோறும் அடங்கல் எழுதியதுபோல் பயிர்க்கணக்கு எழுத வங்காளத்தில் ஆள் இல்லை; நிரந்தர நிலவரித் திட்டத்தில் வரி முன்பே முடிவாகிவிட்டதால் அரசுக்கு அதற்கான தேவையும் எழவில்லை. எனவே வயலுக்குச் சென்று எழுதிவருபவரின் தவற்றை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஏடு ஏதுமில்லை. மகலனோபிஸ் கண்ட வழி எளியது, ஆனால் மிகக் கூர்மையானது: ஒரே பகுதியிலிருந்து தனித்தனியே இரண்டு மாதிரிகளை எடுத்து, ஒன்றையொன்று அறியாத இரு குழுக்களிடம் ஒப்படைத்தால், இரு விடைகளுக்கும் இடையிலான இடைவெளியே பிழையின் அளவைக் காட்டிக்கொடுக்கும். இவை ஊடுருவும் துணைமாதிரிகள் எனப்பட்டன.

1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் இம்முறையைக் கைக்கொண்டது. அதன் விடைத்தாள்கள் புள்ளியியல் நிறுவனம் இருந்த பராநகரில் துளையட்டைகளாக மாறின. 1950களின் நடுவில் பிரிட்டனிலிருந்து வந்த, இந்தியாவின் முதல் எண்முறைக் கணினியும் அந்நிறுவனத்தில்தான் நிறுவப்பட்டது. அட்டைகள் மறைந்தாலும் அவற்றின் இலக்கணம் மறையவில்லை. பிற்காலச் சுற்றுகளின் கோப்பைத் திறந்தால், ஒரு குடும்பம் என்பது இடைவெளியோ காற்புள்ளியோ இல்லாத இலக்கங்களின் ஒற்றை வரி. எந்த இடத்து இலக்கம் மாநிலம், எது தொழில் என்பதை உடன்வரும் அமைப்புக் குறிப்பு சொன்னாலன்றி அந்த வரியைப் படிக்க இயலாது. தரவைப் பற்றிய தரவு எனப்படும் இக்குறிப்பு தொலைந்தால் மூலத்தரவே தொலைந்ததாகக் கொள்ள வேண்டும்.

அவ்வரியின் கடைசிப் பகுதியில் பெருக்கி என்ற எண் இருக்கும். அந்த ஒரு குடும்பம் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்பதை அது குறிக்கிறது. பல சுற்றுகளில் அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. கடைசி இரண்டு இலக்கங்கள் தசமம் என்பதால் முதலில் நூறால் வகுக்க வேண்டும். அக்குடும்பம் இருக்கும் வட்டாரத்தில் இரண்டு துணைமாதிரிகளும் கணக்கெடுக்கப்பட்டிருந்தால், ஒவ்வொன்றும் தனியே முழு வட்டாரத்தையும் மதிப்பிடுவதால், இரண்டின் சராசரியைப் பெற இருநூறால் வகுக்க வேண்டும். இதை மறந்த ஆய்வாளரின் கணக்கில் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

சணல் வயலில் பிறந்த எச்சரிக்கை இவ்வாறு ஒரு வகுஎண்ணாக இன்றும் கோப்புக்குள் இருக்கிறது. குடும்பங்களின் பெயர்களை நீக்கி வெளியிடப்படும் அக்கோப்பில் துணைமாதிரியின் எண் மட்டும் விடாமல் பதிவாகியிருப்பதால், ஆய்வாளர் எவரும் இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, விடைகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.