முதியோர் இல்லத்துக்குக் கொண்டு செல்லும் சோறு

தாராவி, மாதுங்கா, செம்பூர் வட்டாரங்களில் வாழும் நம்மவர் குடும்பங்களில், முதியோர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ இருக்கும் பெரியவர்களுக்கு வீட்டிலிருந்து ஆகாரம் கொண்டு செல்வது வழக்கமாக இருந்து வருகிறது. மும்பையில் ஆண்டுகள் பல கழித்தும் சப்பாத்தியோடு சமாதானம் ஆகாதவர்கள் ஒரு கவளம் ரசஞ்சாதத்துக்கு ஏங்குவதில் வியப்பில்லை. அதை நிறுத்த வேண்டுமென்று நாம் கூறவில்லை. கொண்டு செல்லும் முறையைக் குறித்தே எழுத விரும்புகிறோம்.

குழம்புதான் கெடும், வெறும் சோறு கெடாது என்பது பலரது எண்ணம். உண்மை வேறு. அரிசியில் 'பாஸிலஸ் ஸீரியஸ்' என்னும் கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். உலையில் கொதித்தாலும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒருவகை நஞ்சை உண்டாக்குகின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் வறுத்த சோறு உண்டவர்கள் வாந்தியால் துன்புற்றபோது இவ்வுண்மை நன்கு வெளிப்பட்டது. முன்கூட்டி வேகவைத்து வெளியிலே வைத்திருந்த சோறே அங்கு வினையாயிற்று.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கலாகாது. சூடான உணவு 60 டிகிரிக்குக் குறையாமலும், குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை 7 மணிக்கு வடித்த சோறு, ரயிலேறி, பஸ் மாறிப் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கணக்கு என்னவாகும்? ஆகவே, புறப்படும் வேளையில் வடித்து, வெந்நீரால் சூடேற்றிய பிளாஸ்கில் ஆவி பறக்க அடைத்துக்கொள்வது உத்தமம். தயிர்சாதத்தை வீட்டிலேயே பிசைந்தால் சூடும் குளிரும் கலந்து, கிருமிக்கு உகந்த வெதுவெதுப்பே மிஞ்சும். தயிரைக் குளிர்ச்சியாகத் தனியே கொண்டுபோய் அங்கே பிசையலாம். தேங்காய்ச் சட்னி வீட்டோடு இருக்கட்டும்.

நர்ஸிடம் காட்டாமல் எதையும் ஊட்ட வேண்டாம். ஊறுகாயும் அப்பளமும் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்க்கு ஆகாதவை என்பது பலருக்கும் தெரியும். பக்கவாதத்தால் விழுங்கும் சக்தி குன்றியவர்க்குத் தெளிந்த ரசமே நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம் என்பதைச் சிலரே அறிவர்.

மிஞ்சியதை, "சாயங்காலம் பசித்தால் சாப்பிடுங்கள்" என்று கட்டிலருகே வைத்துவிட்டு வருகிறோம். ஆபத்து பெரும்பாலும் அங்குதான். முதுமையில் தாகம் எளிதில் தெரியாது. வாந்தியும் பேதியும் கண்டால் உடல் விரைவில் வற்றிவிடும். பருக்கையையும் வீணாக்காமல் நம்மை வளர்த்தவர்கள் அவர்கள். ஆதலால் அவர்கள் கண்ணெதிரே கொட்டாமல், பாத்திரத்தை மூடி வீட்டுக்கு எடுத்து வந்துவிட வேண்டுகிறோம்.