இரைச்சலிட்ட பெட்டியும் என் தந்தையாரின் குரலும்



தமிழகத்தை விட்டு வந்து நாகபுரியில் குடியேறிய நம் போன்றோரின் இல்லங்களில், முன்னாளில் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். கல்யாணப் புகைப்படங்களும் ஊர்க் கடிதங்களும் நிலப் பத்திரங்களும் அதில் உறங்கும். இன்று அதன் இடத்தை வேறொரு பெட்டி மெல்லப் பிடித்து வருகிறது. 'நாஸ்' என்று கடைக்காரர்கள் சொல்லும் அச்சிறு பெட்டியினுள் இரண்டு ஹார்டு டிஸ்குகள் இருக்கும். அதை ரௌட்டருடன் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் அதுவே பொதுச் சேமிப்பறையாகும். அவ்வறையைக் குளிர்விக்க அதன் முதுகில் ஒரு சிறு மின்விசிறி ஓயாமல் சுழலும். அவ்விசிறியால் எனக்கு நேர்ந்த கலக்கத்தையும் அதில் கற்ற பாடத்தையும் சங்க அன்பர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தால் எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் 2019-ஆம் ஆண்டில் நோயுற்றுப் படுக்கையிலிருந்தபோது, எங்கள் ஊர்க் கதைகளை அவர் வாயாலேயே சொல்லச் செய்து கைபேசியில் பதிந்து வைத்தேன். மொத்தம் 23 பதிவுகள். மறு ஆண்டு அவர் காலமானார். அந்தக் கைபேசியும் பின்னர் பழுதாயிற்று. ஆகவே அவர் குரல் இவ்வுலகில் எஞ்சியிருந்த இடம் அந்தப் பெட்டி ஒன்றே. அவருடைய திவசத்தன்று மாலையில் என் தாயார் அதைப் போடச் சொல்லிக் கேட்பது வழக்கம்.

சென்ற ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் இரவு, அப்பெட்டி நெல் மிஷினைப் போல் இரையத் தொடங்கிற்று. எங்கள் குவார்ட்டர்ஸில் கூடம் ஒன்றுதான். அங்கேதான் தாயார் உறங்குவார். அவருடைய தூக்கம் கெடுகிறதே என்று, நான் பெட்டியை அலமாரிக்குள் வைத்து, பழைய போர்வையொன்றைச் சுற்றிக் கதவைச் சாத்தினேன். சத்தம் அடங்கிற்று, நானும் கெட்டிக்காரன் என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாம் நாள் நள்ளிரவில் அலமாரிக்குள்ளிருந்து 'பீப், பீப்' என்று அபாய ஒலி எழுந்தது. கைபேசியில் பார்த்தேன்; டிஸ்குகளின் வெப்பம் 58 டிகிரி! பெரும்பாலான டிஸ்குகளுக்குச் செய்தவர்கள் விதிக்கும் எல்லையே 60 அல்லது 65 டிகிரிதான்.

"ஏண்டா, அப்பா பேசினதெல்லாம் இதிலேதானே இருக்கு?" என்று தாயார் எழுந்து உட்கார்ந்து கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், வண்டிப் பெட்டிகளைப் பரிசோதிக்கும் பகுதியிலுள்ள நண்பரிடம் இதைச் சொன்னேன். ரயில் நிலையத்துக்குள் நுழையும்போதே இருபுறமும் ஆட்கள் நின்று, சக்கரங்களின் ஓசையைக் கவனிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். வண்டி நின்றதும் அச்சுப் பெட்டியின் சூட்டையும் பார்ப்பார்கள். அத்தொழிலில் நரைத்த அவர், "சத்தம் என்பது யந்திரம் கொடுக்கும் மனு. மனுவைப் பீரோவில் வைத்துப் பூட்டினால் குறை தீருமா?" என்றார். மனுக்களோடே காலம் தள்ளும் குமாஸ்தாவாகிய எனக்கு அது நன்றாகவே உறைத்தது.

முதலில் அறிய வேண்டியது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் விசிறியின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி இருக்கும். வேகத்தை மாற்றும்போது சத்தமும் மாறினால் குற்றவாளி விசிறியே. மேல் மூடியைக் கையால் அழுத்தும்போது அதிர்வோசை நின்றால், மேசையோ தளர்ந்த திருகாணியோ அதற்குக் காரணம். திருகாணிகளை இறுக்கி, கீழே ரப்பர்த் துண்டுகளை வைத்தால் போதும். 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் தட்டும் ஓசை கேட்டால் மட்டும் அது டிஸ்கின் மரண முனகலாக இருக்கலாம். அப்போது வேறெந்த ஆராய்ச்சியும் செய்யாமல், உள்ளவற்றை உடனே வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குற்றம் விசிறியினுடையது என்று தெரிந்தாலும் அது பழுது என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒருவேளை அது தன் கடமையைத்தான் செய்கிறதோ என்னவோ! ஏராளமான படங்களை ஒரே நாளில் ஏற்றினால், பெட்டி அவற்றை வகைப்படுத்தப் பல மணி நேரம் உழைக்கும், சூடேறும், விசிறியும் விரையும். சுவரோடு ஒட்டி வைத்தாலும் வெப்பம் வெளியேற வழியிராது. மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் நம் நகரில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலோ, ஜன்னலில் பொருத்திய கூலரின் ஈரக் காற்று நேரே பெட்டியின்மீது வீசிக்கொண்டிருந்தது. ஈரத்தோடு சேர்ந்த புழுதி, விசிறியின் இறகுகளில் சேறுபோல் அப்பியிருந்தது. ஓரிறகில் புழுதி மிகுந்தால் எடை சமமின்றி விசிறி ஆடும், ஆட்டமே இரைச்சலாகும்.

சுத்தம் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. பிளக்கை வெடுக்கென்று பிடுங்காமல், அமைப்புப் பக்கத்திலிருந்தே பெட்டியை நிறுத்தி, விளக்குகள் அணைந்த பிறகு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். காப்புறுதிக் காலம் முடிந்ததா என்று பார்த்துவிட்டே மூடியைத் திறக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் புழுதியைத் துடைக்கலாம். காற்றைப் பீய்ச்சுவதானால், இறகுகளை விரலால் பிடித்துக்கொண்டே பீய்ச்ச வேண்டும். இல்லாவிடில் விசிறி அளவு மீறிச் சுழன்று, பேரிங் கெட்டுப்போகும்.

துடைத்த பின்னரும் என் விசிறி கரகரத்தது. பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது என்று நண்பர் கூறினார். "இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடேன்" என்றார் தாயார். தேங்காயெண்ணெய் நாகபுரியின் மார்கழிக் குளிரில் உறைந்து, விசிறியையே நிறுத்திவிடும் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில விசிறிகள் சிறிது காலம் அமைதியாக ஓடும். ஆனால் அது தற்காலிக வைத்தியமே. புது விசிறி வாங்குவதுதான் நிரந்தர வழி.

வாங்குகையில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது அளவு: எங்களுடையது 92 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் கனமும் உடையது. இரண்டாவது மின்னழுத்தம், பெரும்பாலும் 12 வோல்ட். மூன்றாவது இணைப்பு முனைகள் மூன்றா நான்கா என்பதும், கம்பிகளின் வரிசையும். மூன்றாவது கம்பிதான் சுழற்சி வேகத்தைப் பெட்டிக்கு அறிவிப்பது. அச்செய்தி கிடைக்காவிட்டால் விசிறி நின்றுவிட்டதென்று பெட்டி கூக்குரலிடும். நான்காவது வேகம்: சத்தமே இராது என்று மிக மெதுவான விசிறியை வாங்கினால், வெப்பம் ஏறுவதோடு அந்தக் கூக்குரலும் மீண்டும் எழலாம். மாட்டும்போது, பழைய விசிறி காற்றை எத்திசையில் தள்ளிற்றோ அத்திசையிலேயே புதியதும் தள்ளுமாறு பொருத்த வேண்டும். சட்டத்தில் பொறித்துள்ள அம்புக்குறியே அதற்கு வழிகாட்டி.

சீதாபல்டி கடைத்தெருவில் 700 ரூபாய்க்குள் விசிறி கிடைத்தது. பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, கூலரின் காற்று படாத மூலையில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தேன். வெப்பம் 41 டிகிரிக்கு இறங்கிற்று. இரைச்சலும் போயிற்று.

ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டியில் டிஸ்குகள் இரண்டு. ஒன்றில் உள்ளதே மற்றொன்றிலும் இருக்கிறது. ஆகையால் பயமில்லை என்றே அதுநாள்வரை நம்பியிருந்தேன். ஒரே பெட்டிக்குள் ஒரே சூட்டில் வேகும் இரண்டும் சேர்ந்தே கெடலாம் அல்லவா? கை தவறி ஒன்றில் அழித்தால் மற்றொன்றிலும் அழியும் அல்லவா? மறுநாளே தனி டிஸ்க் ஒன்று வாங்கி, யாவற்றையும் நகல் எடுத்து, திருச்சியிலுள்ள தங்கையின் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தேன்.

இவ்வாண்டு திவசத்தன்று மாலையில், கூடத்தில் நாங்கள் எல்லோரும் அமர்ந்து கேட்டோம். ஆற்றில் வெள்ளம் வந்த கதையைத் தந்தையார் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே அவர் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. திருச்சியில் தங்கையும் அதே வேளையில் அதே கதையைத் தன் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியதாக எழுதியிருந்தாள்.

அன்பர்களே, கோடை மீண்டும் வருமுன் உங்கள் வீட்டுப் பெட்டியின் முதுகை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். அதிலுள்ளவற்றின் நகல் வேறோர் ஊரில் இருக்கிறதா என்பதையும் அன்றே உறுதி செய்துகொள்ளுங்கள்.