உஷார்! கரண்ட் போனால் உங்கள் வீட்டு போன் பேசுமா?

ஒரு நிமிஷம் எழுந்து போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டு லேண்ட்லைன் போனின் ஒயர் எங்கே போகிறது? சுவரில் அடித்திருக்கும் பழைய டப்பாவுக்கா? இல்லை, விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டியின் முதுகுக்கா?

பெட்டிக்குத்தான் என்றால், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் போன அந்த நொடியே உங்கள் போனும் செத்துவிடும்!

இது நிறைய பேருக்குத் தெரியாது. விற்க வருகிறவர்கள் சொல்வதும் இல்லை. பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

எங்கள் தெருவிலேயே நடந்தது. எழுபது தாண்டிய கணவன், மனைவி. பிள்ளை வெளிநாட்டில். கேபிள்காரர் அனுப்பிய பையன் வந்து, "அம்மா, டி.வி., நெட், போன் மூணும் ஒரே பில். அந்தப் பழைய போனுக்கு எதுக்குத் தனியா வாடகை கட்டறீங்க?" என்றான். அதே வாரம் பழைய போன் கம்பெனியிலிருந்தும், "நாங்களும் ஃபைபர் தர்றோம், போயிடாதீங்க" என்று கூப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் பேசியது விலையை மட்டும்தான். மாசம் நூறு ரூபாய் குறைவு என்று கேபிள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக வைத்திருந்த இணைப்பை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஐப்பசி மழை. சாயங்காலமே டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ராத்திரி ஒன்றரை மணிக்கு கணவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. அந்த அம்மா இருட்டில் தடவிக்கொண்டு போய், பழக்க தோஷத்தில் ரிசீவரை எடுத்தார். சத்தமே இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. கொட்டுகிற மழையில், கையில் டார்ச்சுடன் கேட்டருகே நின்று கத்தியிருக்கிறார். எதிர் ஃபிளாட் வாட்ச்மேன் காதில் விழ இருபது நிமிஷம் ஆனது. இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நடந்து, இப்போது வாக்கரில் நடக்கிறார். "ரிசீவரை எடுத்ததும் வருமே அந்த 'ஙொய்'ங்கிற சத்தம், அது வரலைன்னதும் எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சும்மா" என்று அந்த அம்மா இன்னமும் சொல்கிறார்.

ஏன் இப்படி? பழைய செம்புக் கம்பி போனுக்கு வேண்டிய மின்சாரம், 48 வோல்ட், அந்தக் கம்பி வழியாகவே எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும். அங்கே பேட்டரி உண்டு, ஜெனரேட்டர் உண்டு. உங்கள் வீடு இருண்டு கிடந்தாலும் போன் பேசும். ஃபைபரோ கேபிளோ வந்தால், போனை ஓட்டுவது உங்கள் வீட்டுப் பிளக்கில் செருகிய அடாப்டர். பழைய கம்பெனியிலேயே நம்பர் மாறாமல் ஃபைபருக்குப் போனாலும் இதே நிலைமைதான்!

ஒரு காலத்தில் டி.வி.க்கு ஒயர் இழுத்தவர் கேபிள்காரர், பேச்சுக்கு இழுத்தவர் டெலிபோன்காரர். இப்போது இரண்டு பேர் கையிலும் ஒரே சரக்கு. 2018-ல் ஹாத்வே, டென் என்ற இரண்டு பெரிய கேபிள் கம்பெனிகளில் பெரும்பங்கை வாங்க ரிலையன்ஸ் ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருஷம் செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வந்தது. பல ஊர்களில் உங்கள் தெருக் கேபிள்காரரே ஏதாவது ஒரு டெலிபோன் கம்பெனிக்காக வீட்டுக்கு வீடு ஒயர் இழுக்கிறார். போட்டியால் விலை இறங்கியது உண்மை, நல்லதுதான். ஆனால் ஆளைப் பிடிக்கிற அவசரத்தில் உங்களிடம் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இதெல்லாம் கண்ணில் பட்டால் உஷாராகுங்கள்.

"இன்னிக்கே பழைய போனை சரண்டர் பண்ணிடுங்க" என்கிறாரா? பண்ணாதீர்கள்! செல்போன் நம்பரைக் கம்பெனி மாற்றினாலும் கூடவே கொண்டு போகலாம். நாடு முழுக்க 2011 ஜனவரியிலிருந்து அந்த வசதி இருக்கிறது. லேண்ட்லைனுக்குக் கிடையாது. வேறு கம்பெனிக்குப் போனால் நம்பர் போயிற்று. வங்கியில், கேஸ் ஏஜென்சியில், டாக்டரிடம், ஊரில் இருக்கும் அத்தையின் டைரியில் எல்லாம் அந்த நம்பர்தான் இருக்கும். இரண்டு மாசமாவது இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

"வீடு வரைக்கும் ஃபைபரா, மொட்டை மாடிப் பெட்டியிலிருந்து லேன் ஒயரா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஆபத்து. மாடிப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. தவிர, மாடிக்கு மாடி தாண்டி வரும் செம்பு ஒயரில் இடி மின்னல் பாய்ந்தால் ரவுட்டர் கருகும், டி.வி.யும் போகும்.

பில் ஒருவர் பெயரில், ஒயர் இன்னொருவருடையது, ரசீது துண்டுச் சீட்டில்! வேண்டவே வேண்டாம். பழுது வந்தால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். ஆறு மாசப் பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தால் வெளியே வரவும் முடியாது. சொல்கிற விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தியா என்றும் கேளுங்கள்.

"வாட்ஸ்அப் இருக்கே, போன் எதுக்கு?" என்கிறாரா? வாட்ஸ்அப்பிலிருந்து 108-ஐயோ 112-ஐயோ கூப்பிட முடியாது!

ஆதார் ஜெராக்ஸை வாசலில் வாங்கிப் பையில் மடித்து வைக்கிறாரா? கொடுக்கத்தான் வேண்டும் என்றால் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் காகிதத்தில் வேறு யாரோ சிம் வாங்கினால், போலீஸ் வந்து நிற்பது உங்கள் வாசலில். உங்கள் பெயரில் எத்தனை செல்போன் இணைப்பு ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வைஃபை பாஸ்வேர்டையும் அவர் போட்டுக் கொடுத்தபடியே விடாதீர்கள்.

ஏற்கெனவே மாறிவிட்டீர்களா? இன்று ராத்திரியே மெயினை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால், ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கடையில் கிடைக்கிறது, வாங்கி மாட்டுங்கள். வீடு வரைக்கும் முழுக்க ஃபைபர் என்றால் சில மணி நேரமாவது போன் ஓடும்.

எங்கள் தெருவின் அந்த அம்மா அதை வாங்கி மாட்டிவிட்டார். அது போதாது என்று ஒரு பட்டன் செல்போனை முழு சார்ஜில் கயிறு கட்டி, பாத்ரூம் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்க விட்டிருக்கிறார். கீழே விழுந்து கிடந்தாலும் கைக்கு எட்டுகிற உயரத்தில்.