மௌஸால் ஏரியை அளக்கலாம்!

உலக நாடுகளின் பரப்பளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எல்லையில் புள்ளிகள் வைத்து, கோடுகளால் இணைத்தால், உள்ளே அடங்கும் பரப்பைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். இதை நீங்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

பிரவுசரில் கூகுள் எர்த் தளத்தைத் திறந்து, மறைமலைநகருக்குத் தெற்கே, செங்கல்பட்டில் உள்ள கொளவாய் ஏரியைத் தேடுங்கள். ஸ்கேல் படம் போட்ட ஐகானைக் கிளிக் செய்து, கரையோரம் ஆறு புள்ளிகள் வையுங்கள். மீண்டும் முதல் புள்ளியில் கிளிக் செய்தால் சுற்றளவும் பரப்பளவும் திரையில் தோன்றும்.

இப்போது அறுபது புள்ளிகள் வைத்துப் பாருங்கள். சுற்றளவு கூடிக்கொண்டே போகும். பரப்பளவு அந்த அளவுக்கு மாறாது. ஒவ்வொரு வளைவும் நீளத்தைக் கூட்டத்தான் செய்யும். பரப்பிலோ, வெளியே புடைத்த இடம் கூட்டுவதை உள்ளே குழிந்த இடம் பெருமளவு கழித்துவிடும்.

1970-களில் 7,516.6 கி.மீ. என்று அளந்த இந்தியக் கடற்கரை, நுணுக்கமான வரைபடத்தில் மறுபடி அளந்தபோது 11,098.81 கி.மீ. ஆனது. 2024-ல் வெளியான இக்கணக்கில், மாமல்லபுரம் உள்ளிட்ட தமிழகக் கடற்கரை 906.9-லிருந்து 1,068.69 கி.மீ. ஆகியிருக்கிறது. நிலம் வளரவில்லை, அளவுதான் நுணுக்கமானது.

நாடுகளின் பரப்பளவை எக்ஸெலில் கூட்டும்போதும் கவனம் தேவை. ஏரி, ஆறுகளையும் சேர்த்த கணக்கா, நிலம் மட்டுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் மொத்தம் தவறாகிவிடும்.