23 படங்களை விழுங்கிய ஓர் எண்

கடற்கரையில் நாள் முழுவதும் நின்று எடுத்த 23 புகைப்படங்களை 26 என்ற ஓர் எண் விழுங்கிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. அந்த எண் அங்கே எப்படி வந்தது, விழுங்கிய படங்களை எப்படி மீட்டோம் என்பதே இக்கட்டுரை. கணிப்பொறியில் நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் சிலருடன் அந்தமான் சென்றிருந்தேன். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் கடல்வழி சென்றால் ஹேவ்லாக் தீவு வரும். 2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு. அதன் மேற்குக் கரையில் இருக்கிறது புகழ்பெற்ற ராதாநகர் கடற்கரை. வெண்மணல், பின்னால் ஓங்கிய காடு, எதிரே நீலக் கடல். ஆனால் நாங்கள் அங்கே வேடிக்கை பார்க்க மட்டும் போகவில்லை. கடல் ஏறி இறங்குவதை அளக்கப் போனோம்.

பௌர்ணமியை ஒட்டிய நாள் அது. சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்பதால் அந்நாட்களில் கடல் மட்டம் அதிகமாக ஏறி இறங்கும். அந்தமான் கரைகளில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 2 மீட்டர் வரை இருக்கும். மணற்சரிவில் மூங்கில் கழிகளை வரிசையாக நட்டு எண்ணிட்டோம். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை அரை மணிக்கு ஒரு படம். ஆக 23 படங்கள். எந்த நேரத்தில் நீர் எந்தக் கழியைத் தொட்டது என்பதைப் படங்களிலிருந்து கண்டு வரைபடம் போடுவது எங்கள் திட்டம். மறுநாள் எங்களுக்குக் கப்பல். ஆகவே அந்த 23 படங்களை மீண்டும் எடுக்க வழியே இல்லை.

இரவு விடுதியில், நண்பர் ஒருவரின் மடிக்கணினியில் படங்களைப் படியெடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண்ணைப் பெயராகச் சூட்டும் சிறு நிரல் ஒன்றை சி மொழியில் நானே எழுதி வைத்திருந்தேன். கல்லூரியில் இருந்த லினக்ஸ் கணிப்பொறியில் அது பலமுறை சரியாக வேலை செய்திருக்கிறது. நிரல் ஓடி முடிந்தது. 23 கோப்புகள் வந்துவிட்டன. மகிழ்ச்சியுடன் கேமராவின் மெமரி கார்டில் இருந்த படங்களை அழித்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து ஒரு மாணவர் ஓடி வந்தார்: “சார், 23 கோப்பும் இருக்கு. ஆனா ஒண்ணுகூடத் திறக்கலை!” பார்த்தேன். ஒவ்வொன்றும் சுமார் 40 லட்சம் பைட் இருக்க வேண்டிய படம். இருந்ததோ சில நூறு பைட்டுகளே.

மணலின் நிறமா, ‘அ’ என்ற எழுத்தா?

என்ன நடந்தது என்று அறிய, கணிப்பொறிக் கோப்பு என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். எந்தக் கோப்பும் பைட்டுகளின் வரிசைதான். ஒரு பைட்டில் 8 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. எனவே ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகளில் ஒன்றை எழுதலாம். பாட்டும் படமும் கட்டுரையும் கணக்கும் எல்லாமே இந்த எண்களின் வரிசைகளே.

அப்படியானால் ஒரு பைட்டைப் பார்த்து, இது படத்தின் பகுதி, இது எழுத்தின் பகுதி என்று சொல்ல முடியுமா? முடியாது. இதோ ஓர் எடுத்துக்காட்டு: 224, 174, 133. யூடிஎஃப்-8 என்னும் எழுத்துமுறையில் இந்த மூன்று பைட்டுகளும் சேர்ந்தால் நம் தமிழின் முதல் எழுத்தான ‘அ’. அதே மூன்று எண்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் அளவாகக் கொண்டால் என்ன வரும் தெரியுமா? வெளிர் பழுப்பு, ஏறக்குறைய ஈர மணலின் நிறம்! எண்கள் மாறவில்லை. நாம் படிக்கும் முறை மாறியது, பொருளும் மாறிவிட்டது.

எழுத்துகளாகப் படிப்பதற்கென்றே அமைந்த கோப்பை எழுத்துக் கோப்பு என்கிறோம். படம், ஒலி போன்றவற்றை எண்களாகவே வைத்திருப்பதை இருமக் கோப்பு என்கிறோம். சி மொழியில் ஒரு கோப்பைத் திறக்கும்போதே அதை எப்படிப் படிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். ‘ஆர்’ என்ற ஓர் எழுத்தை மட்டும் கொடுத்தால் எழுத்துக் கோப்பாகப் படிக்கும். அதனுடன் ‘பி’ சேர்த்து ‘ஆர்பி’ என்று கொடுத்தால் இருமக் கோப்பாக, உள்ளதை உள்ளபடியே படிக்கும். என் நிரலில் ‘பி’ இல்லை. லினக்ஸில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. ஆகவே என் பிழை அதுவரை வெளிப்படவே இல்லை. நண்பரின் மடிக்கணினியில் இருந்தது விண்டோஸ்.

26 எங்கிருந்து வந்தது?

விண்டோஸில் ஒரு கோப்பை எழுத்துக் கோப்பாகப் படிக்கும் சி நிரல் இரண்டு காரியங்களைச் செய்யும். 13, 10 என்ற இரண்டு பைட்டுகள் அடுத்தடுத்து வந்தால் அவற்றை 10 என்ற ஒரே பைட்டாகச் சுருக்கிவிடும். எழுதும்போது ஒவ்வொரு 10க்கும் முன்னால் ஒரு 13ஐச் சேர்க்கும். இது தந்தி அச்சுப்பொறிக் காலத்து மிச்சம். ஒரு வரி முடிந்ததும் அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு கட்டளை, அது 13. தாளை ஒரு வரி மேலே நகர்த்த இன்னொரு கட்டளை, அது 10. யூனிக்ஸ் முறை 10 மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டது. டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன.

இரண்டாவது காரியம்தான் எங்களைக் கவிழ்த்தது. படிக்கும்போது 26 என்ற பைட் வந்தால், ‘கோப்பு முடிந்தது’ என்று நிரல் நின்றுவிடும். இதற்கும் ஒரு பழங்கதை உண்டு. 1970களில் தோன்றிய சிபி/எம் என்னும் இயக்க முறைமை, கோப்பின் நீளத்தை 128 பைட் கொண்ட கட்டங்களாகத்தான் குறித்து வைத்தது. கடைசிக் கட்டத்தின் நடுவில் எழுத்து முடிந்தால் அது எங்கே முடிந்தது என்று காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அதற்கு 26ஐப் பயன்படுத்தினார்கள். சிபி/எம் மறைந்தது, அந்த வழக்கம் மறையவில்லை.

எழுத்துக் கோப்பில் 26 சாதாரணமாக வராது. ஆகவே தொல்லை இல்லை. படக் கோப்பில் அப்படியா? சுருக்கப்பட்ட படத்தின் பைட்டுகளில் 0 முதல் 255 வரை எல்லா எண்களும் ஏறத்தாழ சம வாய்ப்புடன் வரும். அப்படியானால் சராசரியாக 256 பைட்டுக்கு ஒருமுறை 26 தலைகாட்டும். 40 லட்சம் பைட் கொண்ட படம் சில நூறு பைட்டுகளிலேயே நின்றுபோனதில் வியப்பென்ன?

இந்தத் தொல்லையில் சிக்கியவன் நான் மட்டும் அல்லன். 1996இல் வெளியான பிஎன்ஜி என்னும் பட வடிவத்தை அமைத்தவர்கள் இதற்கென்றே காவல் வைத்தார்கள். எந்தப் பிஎன்ஜி கோப்பும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு பைட்டுகளுடன்தான் தொடங்கும். 80, 78, 71 ஆகியவை பி, என், ஜி என்ற எழுத்துகள். 13, 10 இணை சுருங்கியிருந்தாலோ, கடைசி 10 இரண்டாகியிருந்தாலோ, யாரோ இதை எழுத்துக் கோப்பாகக் கையாண்டு கெடுத்துவிட்டார்கள் என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

அழித்தால் அழியுமா?

அந்தமான் கதைக்கு வருவோம். கார்டில் அழித்த படங்கள் போனவைதாமா? அங்கேதான் இருமக் கோப்பைப் பற்றிய அறிவு கைகொடுத்தது.

மெமரி கார்டில் கோப்புகளுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. எங்கள் கார்டில் இருந்த ஃபேட் என்ற முறையில், ஒரு கோப்பை அழிக்கும்போது பட்டியலில் அதன் பெயரின் முதல் பைட் 229 என்று மாற்றப்படுகிறது. அந்தக் கோப்பு இருந்த இடம் காலியானதாகவும் குறிக்கப்படுகிறது. அவ்வளவுதான். படத்தின் பைட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டு வாசலில் பெயர்ப்பலகையை எடுத்துவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள் மறைந்துவிடுமா? வேறொருவர் குடிவரும்வரை அவை அங்கேதான் இருக்கும்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கார்டில் வேறு எதையும் எழுதாமல் இருப்பது. உடனே அதைக் கேமராவிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தினேன். ஆனால் இடைப்பட்ட அந்த அரை மணி நேரத்தில் மாணவர்கள் நிலவொளியில் இரண்டு படங்கள் எடுத்திருந்தார்கள்!

ஊர் திரும்பியதும் கார்டு முழுவதையும் ஒரே நீண்ட இருமக் கோப்பாகப் படிக்கும் நிரல் ஒன்றை எழுதினோம். இம்முறை ‘பி’யை மறக்கவில்லை. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளுடன் தொடங்கும். கார்டில் எந்தக் கோப்பும் 512 பைட் கொண்ட ஒரு கட்டத்தின் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கும். எனவே ஒவ்வொரு கட்டத்தின் முதல் மூன்று பைட்டுகளைப் பார்த்தால் போதும். அந்த மூன்றும் தற்செயலாக அமைய வாய்ப்பு, 256ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 1,67,77,216இல் ஒன்றுதான்.

முடிவைக் கண்டுபிடிப்பதில் தடுமாறினோம். ஜேபெக் படம் 255, 217 என்று முடியும். முதலில் கண்ட 255, 217 உடன் நிறுத்தினால் தபால்தலை அளவு படம்கூட ஒழுங்காக வரவில்லை. காரணம் என்ன? கேமரா ஒவ்வொரு படத்தின் தலைப்பகுதியிலும் அதன் சிறு நகல் ஒன்றைச் சொருகி வைக்கிறது. அந்த நகலும் ஒரு ஜேபெக் படம். அதற்கும் அதே முடிவுக் குறி! நாங்கள் அதைப் பெரிய படத்தின் முடிவு என்று எண்ணி ஏமாந்திருந்தோம். காலியான கார்டில் கேமரா படங்களை வரிசையாக எழுதியிருந்ததால், ஒரு படத்தின் தொடக்கம் முதல் அடுத்த படத்தின் தொடக்கம் வரை வெட்டி எடுத்தோம். படங்கள் திறந்தன!

நேரம் எங்கே?

பெயர்ப் பட்டியலை நம்ப முடியாத நிலையில், எந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று எப்படி அறிவது? அதுவும் படத்துக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸிஃப் எனப்படும் தலைப்பகுதியில், எடுத்த நாளும் நேரமும் நொடி வரை 20 பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும்.

அதைத் தேடிப் படிக்கும்போது இன்னொன்றிலும் கவனம் வேண்டும். 255ஐ விடப் பெரிய எண்ணை ஒரு பைட்டில் எழுத முடியாது. 4000 என்ற எண்ணுக்கு 15, 160 என்று இரண்டு பைட் வேண்டும். 15ஐ 256ஆல் பெருக்கி 160ஐக் கூட்டினால் 4000. சில கருவிகள் இதையே திருப்பி 160, 15 என்று எழுதும். அறியாமல் படித்தால் 40,975 என்று வரும்! எக்ஸிஃப் பகுதியின் தொடக்கத்தில் 77, 77 என்று இருந்தால் பெரிய பைட் முதலில். 73, 73 என்றால் சிறிய பைட் முதலில். இந்த இரு முறைகளுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்கள் தீவுக் கதை ஒன்றிலிருந்து வந்தவை. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் எழுதிய கலிவரின் பயணங்களில் லில்லிபுட், பிளெஃபஸ்கு என்ற இரு தீவுகள், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சிறிய முனையில் உடைப்பதா என்று போரிடுகின்றன. டேனி கோஹன் என்ற கணிப்பொறி அறிஞர் 1980இல் இந்தப் பெயர்களைப் பைட் வரிசைக்குச் சூட்டினார்.

முடிவில் 21 படங்கள் நேரத்துடன் கிடைத்தன. காலை 6 மணிக்கும் 6.30க்கும் எடுத்த முதல் இரண்டின் இடத்தில் நிலவொளிப் படங்கள் குடியேறிவிட்டன. வரைபடத்தில் அந்த இரண்டு நேரங்களுக்கும் ஊகித்துப் புள்ளி வைக்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த இரண்டு இடங்களும் எங்கள் வரைபடத்தில் இன்றும் வெறுமையாகவே உள்ளன.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களிடம் உள்ள ஒரு ஜேபெக் படத்தின் நகலை எடுத்து, சி அல்லது பைத்தான் மொழியில் ‘ஆர்பி’ என்று திறந்து, முதல் மூன்று பைட்டுகளை எண்களாக அச்சிடுங்கள். 255, 216, 255 வருகிறதா? பிறகு ‘பி’ இல்லாமல், யூடிஎஃப்-8 எழுத்தாகப் படிக்கும்படி பைத்தானிடம் சொல்லுங்கள். முதல் பைட்டிலேயே மறுத்துவிடும். ஏனெனில் அந்த எழுத்துமுறையில் 255க்கு இடமே கிடையாது. பைத்தான் இப்படி எச்சரிக்கிறது. என் சி நிரல் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பாதியில் நின்றது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். படியெடுத்தபின் கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒவ்வொன்றிலும் உள்ள பைட்டுகளின் எண்ணிக்கையை மூலத்துடன் ஒப்பிடுங்கள். அதன் பிறகே மூலத்தை அழியுங்கள்.