பொம்மை வண்டிக்குள் ஒரு பொறியியல் பாடம்

புது தில்லி: அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. நீதி ஆயோக் 2016-ல் தொடங்கிய இத்திட்டத்தில், ஒரு பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை மானியம் வழங்கப்பட்டு, ஏறத்தாழ 10,000 ஆய்வகங்கள் முன்னரே உருவாகியுள்ளன. அவற்றில் மாணவர்கள் எதைக் கற்கிறார்கள் என்பதே முக்கியமான கேள்வி.

மோட்டார் பொருத்திய பொம்மை வண்டி ஒன்றே இதற்குப் போதுமான உரைகல். லெகோ வகை நெகிழிக் கட்டைகளால் கட்டிய வண்டியில் மோட்டாரை நேராகச் சக்கரத்துடன் இணைத்தால், சமதளத்தில் ஓடுகிற வண்டி மேட்டில் ஏறத் திணறும். மோட்டார் அச்சில் 8 பற்கள் கொண்ட சக்கரத்தையும், வண்டியின் அச்சில் 40 பற்கள் கொண்ட சக்கரத்தையும் பொருத்தினால் வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். உராய்வில் இழப்பது போக, இழுவிசை ஏறத்தாழ ஐந்து மடங்காகும்.

ஆறு மடங்கு வேண்டுமெனில்? 8 பற்களுக்கு 48 பற்கள் என்பது எளிய விடை. ஆனால், அது பொருந்தாது. லெகோ கட்டைகளில் துளைகளுக்கு இடையிலான தூரம் 8 மில்லிமீட்டர். பற்சக்கரத்தின் விட்டமோ பல்லுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் அமைந்தது. எனவே இரு சக்கரங்களின் பற்களைக் கூட்டினால் அத்தொகை 16-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லையேல் அச்சுகள் ஒரே வரிசைத் துளைகளில் அமரா. 8-ம் 48-ம் சேர்ந்தால் 56, வகுபடாது. 8-க்கு 24, அடுத்து 16-க்கு 32 என இரு கட்டமாகப் பிரித்தால் மூன்றும் இரண்டும் பெருகி ஆறு மடங்கு கிடைக்கும், துளைகளிலும் பொருந்தும்.

32 பற்கள் கொண்ட சக்கரம் கைவசம் இல்லையெனில், இந்த ஆய்வகங்களுக்கான கருவிகளுள் ஒன்றான முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்துகொள்ளலாம். பற்களுக்கிடையே சிறிது இடைவெளி விடாவிட்டால் சக்கரங்கள் இறுகி நின்றுவிடும் என்பதையும் மாணவர் அப்போது அறிவார்.

பொம்மைகள் மீதான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி முதல் தர முத்திரையும் கட்டாயமாக்கப்பட்டது. இவை இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம், வடிவமைப்பாளர்களை உருவாக்கிவிடா. படத்தைப் பார்த்துப் பெட்டியில் உள்ளதைப் பூட்டும் பயிற்சியும் உருவாக்காது. எத்தனை ஆய்வகங்கள் திறக்கப்பட்டன என்பதோடு, இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர் என்பதையும் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.